மார்பகப் புற்றுநோயும் இரத்தப் பரிசோதனையும்

உடம்பின் உள்ளே நிகழ்வதை வெளியிலிருந்தே அறிவதற்கு மனிதன் கையாண்ட வழிகள் பல. நாடியைப் பிடித்துப் பார்த்தான். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தான். சிறுநீரின் நிறத்தையும் தன்மையையும் ஆராய்ந்தான். இவை எல்லாவற்றிலும் இன்று மக்களின் பெரு நம்பிக்கைக்கு உரியதாய் நிற்பது இரத்தப் பரிசோதனையே. குளிர்காய்ச்சல் கண்டவரிடம் மலேரியாக் கிருமி உண்டா என்பதை ஒரு துளி இரத்தம் சொல்லிவிடுகிறது. சர்க்கரையின் அளவைச் சொல்லிவிடுகிறது; சோகையைச் சொல்லிவிடுகிறது; கல்லீரல் கெட்டிருப்பதையும் சொல்லிவிடுகிறது. அங்ஙனமாயின் புற்றுநோய் உண்டா, இல்லையா என்பதையும் இரத்தம் சொல்லிவிடாதா என்று ஒருவர் கேட்டால், அக்கேள்வி நியாயமானதே.

இன்று பெருநகரங்களில் 'முழு உடற்பரிசோதனை' என்ற பெயரால் பல இரத்தப் பரிசோதனைகளை ஒன்றாகச் சேர்த்து, ஒரே விலை குறித்துச் செய்து தருகிறார்கள். பெண்களுக்கென்று அமைந்த பட்டியல்கள் சிலவற்றில் 'டியூமர் மார்க்கர்' என்ற தலைப்பின் கீழே சி.ஏ. 15-3 என்ற பெயரும் காணப்படும். மார்பகப் புற்றுநோயோடு தொடர்புடைய இரத்தப் பரிசோதனை அது. அறிக்கையில் அந்தப் பெயருக்கு எதிரே 'இயல்பான அளவு' என்று வந்துவிட்டால், அப்பெண்ணுக்கு மார்பகப் புற்றுநோய் இல்லை என்று பொருளாகுமா? ஆகாது. ஏன் ஆகாது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டுமானால், இப்பரிசோதனை பிறந்து வளர்ந்த வரலாற்றை அறிதல் வேண்டும்.

இது வெறும் ஆராய்ச்சி விவகாரமன்று. 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 23 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டதாக உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் கணக்கிட்டது. அவர்களுள் இந்தியப் பெண்கள் சுமார் 1,92,000 பேர். அதே ஆண்டில் நம் நாட்டில் இந்நோயால் மாண்டவர்கள் சுமார் 98,000 பேர். இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் இதற்கே. ஆரம்ப நிலையிலே கண்டுகொண்டால் பெரும்பாலும் குணப்படுத்தத்தக்க நோய் இது. ஆனால் நம் நாட்டில் பலர் காலங்கடந்தே மருத்துவரை நாடுகிறார்கள். ஆகவே எந்தப் பரிசோதனையை நம்பலாம், எதை நம்பி வாளாவிருத்தல் ஆகாது என்பது உயிரோடு தொடர்புடைய கேள்வி.

புற்றுநோயின் அடையாளத்தை உடம்பின் நீர்மப் பொருள்களில் தேடும் முயற்சி இரத்தத்தில் தொடங்கவில்லை, சிறுநீரில் தொடங்கியது. 1840களில் லண்டன் நகரத்தில் எலும்பு நோயால் வருந்திய ஒருவருடைய சிறுநீரில் விந்தையான ஒரு பொருள் இருப்பதை மருத்துவர்கள் கண்டனர். ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற மருத்துவர் அதனை இரசாயன முறையில் ஆராய்ந்தார். சிறுநீரை மெல்லச் சூடாக்கினால் அப்பொருள் திரிந்து படிந்தது. கொதிக்க வைத்தால் கரைந்து மறைந்தது. ஆறவிட்டால் மீண்டும் தோன்றியது. எலும்பு மச்சையில் உண்டாகும் ஒருவகைப் புற்றுநோய் வெளியிட்ட புரதமே அது என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. புற்றுநோய் தான் இருக்கும் இடத்திலேயே அடங்கிக் கிடப்பதில்லை, தன் சுவடு ஒன்றை உடம்பெங்கும் ஓடும் நீர்மத்தில் விட்டுச் செல்லக்கூடும் என்ற எண்ணத்துக்கு இதுவே வித்தாயிற்று.

அடுத்த சுவடு ஆஸ்திரேலியாவில் கிடைத்தது. 1869ஆம் ஆண்டு மெல்பர்ன் நகரத்தில் டி. ஆர். ஆஷ்வொர்த் என்ற மருத்துவர், புற்றுநோயால் இறந்த ஒருவருடைய காலின் இரத்தக் குழாயிலிருந்து இரத்தம் எடுத்து நுண்ணோக்கியின் கீழே வைத்துப் பார்த்தார். கட்டிகளில் கண்ட அணுக்களைப் போன்ற அணுக்களே அந்த இரத்தத்திலும் இருந்தன. ஓர் உடலில் பல இடங்களில் கட்டிகள் முளைப்பதற்கு இது விளக்கம் தரக்கூடும் என்று அவர் எழுதினார்.

இருபது ஆண்டுகள் கழித்து, 1889இல், ஸ்டீபன் பேஜட் என்ற ஆங்கில அறுவை மருத்துவர் மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களைப் பற்றிய குறிப்புகளை ஆராய்ந்தார். நோய் கண்ட இடமெல்லாம் பரவுவதில்லை. கல்லீரல், எலும்பு போன்ற சில உறுப்புகளையே தேர்ந்து குடியேறுகிறது என்பதைக் கண்டார். புற்றணு விதையாயின், அது விழும் உறுப்பு நிலம். விதைக்கு ஏற்ற நிலம் வாய்த்தாலன்றி முளைப்பதில்லை என்பது அவருடைய கொள்கை. இந்த இருவரும் கூறியவை மெய்யே. ஆயினும் கோடிக்கணக்கான இரத்த அணுக்களின் நடுவே ஓரிரு புற்றணுக்களை உயிருள்ளவரிடம் தேடிப் பிடிக்கும் கருவி அந்நாளில் இல்லை. ஆஷ்வொர்த்தின் கண்டுபிடிப்பு பயன்பாட்டுக்கு வர ஒரு நூற்றாண்டுக்கும் மேலாயிற்று.

அத்தகைய நுண்மையான கருவி மருத்துவத்துக்கு முதன்முதலில் கிடைத்தது நியூயார்க் நகரத்தில். அங்கே ரோசலின் யாலோ என்ற அம்மையாரும் சாலமன் பெர்சன் என்ற மருத்துவரும் 1950களின் இறுதியில் கதிரியக்கப் பொருளைத் துணைக்கொண்டு இரத்தத்தில் இன்சுலினை அளக்கும் முறையை உருவாக்கினர். அதுவரை அளக்க முடியாதிருந்த மிகச் சிறிய அளவுகளையெல்லாம் இம்முறையால் அளக்க முடிந்தது. 1977இல் யாலோ அம்மையாருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பெர்சன் அதற்கு முன்பே காலமாகிவிட்டார்.

இதனிடையே 1965இல் கனடாவில் மான்ட்ரியால் நகரத்து விஞ்ஞானிகளான பில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மனும் பெருங்குடல் புற்றுநோயில் ஒரு பொருளைக் கண்டனர். கருவிலிருக்கும் சிசுவின் குடலிலும் அது இருந்தது. வளர்ந்தவர்களின் நலமான குடலில் காணப்படவில்லை. சி.இ.ஏ. என்று அதற்குப் பெயரிட்டனர். 1969இல் அதை இரத்தத்தில் அளந்து பார்த்தபோது, பெருங்குடல் புற்றுநோய் உள்ள 36 பேரில் 35 பேரிடம் அது காணப்பட்டது. புற்றுநோயை இரத்தத்தில் கண்டுபிடிக்கும் வழி கிடைத்துவிட்டது என்று உலகம் மகிழ்ந்தது. ஆனால் மகிழ்ச்சி நிலைக்கவில்லை. புகைபிடிப்பவர்களிடமும், கல்லீரல் நோயாளிகளிடமும், மார்பகம் முதலிய வேறு உறுப்புகளில் புற்றுநோய் கொண்டவர்களிடமும் அப்பொருள் மிகுந்திருந்தது. அதைவிட முக்கியமாக, நோய் தொடக்க நிலையில் இருந்தவர்களுள் பலரிடம் அது உயரவே இல்லை. முதலில் பெரு நம்பிக்கை, பிறகு நிதானமான மறு ஆய்வு, அதன் பிறகு சிறியதாயினும் உறுதியான ஒரு பயன் என்ற இந்த வரிசை, இவ்வரலாற்றில் மீண்டும் மீண்டும் வருவதைக் காணலாம்.

மார்பகப் புற்றுநோய்க்கென்றே ஓர் அடையாளப் பொருள் கிடைத்தது 1980களில். அதற்கு வழிவகுத்தது இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்தில் 1975இல் நிகழ்ந்த ஒரு கண்டுபிடிப்பு. நம் உடம்பு அந்நியப் பொருளை எதிர்த்து எதிர்ப்பொருள்களை உண்டாக்குகிறது அல்லவா? ஒரே வகையான எதிர்ப்பொருளை வேண்டிய அளவு பெருக்கிக்கொள்ளும் வழியை ஜார்ஜ் கோலர், சேசர் மில்ஸ்டீன் என்ற இருவர் கண்டனர். ஒரு பூட்டுக்கு ஒரு சாவி என்பது போல, ஒரு குறிப்பிட்ட பொருளை மட்டும் பற்றிப் பிடிக்கும் கருவியாக அது அமைந்தது. 1984இல் அவர்களுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அதே 1984ஆம் ஆண்டில் இரண்டு இடங்களிலிருந்து இரண்டு எதிர்ப்பொருள்களைப் பற்றிய செய்தி வந்தது. ஒன்று ஹாலந்து நாட்டு ஆம்ஸ்டர்டாமில் உருவானது. தாய்ப்பாலில் மிதக்கும் கொழுப்புத் துளியைச் சுற்றியுள்ள மெல்லிய உறையைக் கொண்டு அதைத் தயாரித்தார்கள். மற்றொன்று அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் உருவானது. மார்பகத்திலிருந்து கல்லீரலுக்குப் பரவிய புற்றுநோய்க் கட்டியைக் கொண்டு அதைத் தயாரித்தார்கள். ஒன்று பாலிலிருந்து வந்தது, மற்றொன்று புற்றிலிருந்து வந்தது. ஆயினும் இரண்டும் பற்றிப் பிடித்தது ஒரே பொருளை என்பதே வியப்பு. அவ்விரண்டையும் இணைத்து அமைத்த பரிசோதனையே சி.ஏ. 15-3.

இதன் காரணத்தைச் சற்று விளக்க வேண்டும். மார்பகத்தில் பால் ஓடும் நுண்ணிய நாளங்கள் உள்ளன. அவற்றின் உட்சுவரில் வரிசையாக அமைந்த அணுக்கள், வழுவழுப்பான ஒரு புரதத்தைத் தம் மேற்புறத்தில் தாங்கி நிற்கின்றன. இந்த அணுக்களுக்கு முன்புறம், பின்புறம் என்ற ஒழுங்கு உண்டு. முன்புறம் பால் நாளத்தை நோக்கியது. பின்புறம் இரத்தக் குழாய்களை நோக்கியது. நலமான மார்பகத்தில் இப்புரதம் முன்புறத்தில் மட்டுமே இருக்கும். உதிர்ந்தாலும் நாளத்துக்குள்ளேயே விழும். புற்றுநோய் வந்த அணுக்கள் இந்த ஒழுங்கை இழந்துவிடுகின்றன. முன்னும் பின்னும் அறியாமல் எல்லாப் பக்கமும் இப்புரதத்தை மிகுதியாகச் சுமந்து உதிர்க்கின்றன. உதிர்ந்ததில் ஒரு பகுதி இரத்தத்தில் கலக்கிறது. பாலோடு செல்ல வேண்டிய பொருள் இரத்தத்தில் காணப்படுகிறது என்றால், எங்கோ ஒழுங்கு குலைந்திருக்கிறது என்று ஊகிக்கலாம்.

இந்த விளக்கத்திலேயே இப்பரிசோதனையின் குறையும் அடங்கியிருக்கிறது. ஒரு சென்டிமீட்டர் குறுக்களவுள்ள கட்டியின் எடை ஏறத்தாழ அரைக் கிராம். அது உதிர்க்கும் புரதம் நாலைந்து லிட்டர் இரத்தத்தில் கலந்து கரைய வேண்டும். நலமுள்ளவர்களின் இரத்தத்திலும் இப்புரதம் ஓரளவு இருந்துகொண்டே இருக்கும். குளத்தில் ஒரு கைப்பிடி உப்பைப் போட்டால் நாவுக்குத் தெரியுமா? முதல் நிலையிலுள்ள நோயாளிகளை எடுத்துக்கொண்டால், பத்துப் பேரில் சுமார் ஒருவரிடம் மட்டுமே சி.ஏ. 15-3 அளவு உயர்ந்திருக்கிறது. நோய் வேறு உறுப்புகளுக்குப் பரவிய பிறகு, நான்கு பேரில் சுமார் மூவரிடம் உயர்ந்திருக்கிறது. எந்த நிலையில் நோயைக் கண்டுகொண்டால் உயிரைக் காக்க முடியுமோ, அந்த நிலையில் இப்பரிசோதனை பெரும்பாலும் மௌனம் சாதிக்கிறது. பின்னரே வாய் திறக்கிறது.

நோயில்லாதவர்களைப் பயமுறுத்துவதும் உண்டு. கல்லீரல் நோயினாலும், மார்பகத்தில் தோன்றும் தீங்கற்ற கட்டிகளாலும், பி12 வைட்டமின் குறைவினால் வரும் சோகையாலும் இவ்வளவு உயரக்கூடும். இதனால் விளையும் குழப்பத்தை ஒரு சிறு கணக்கினால் அறியலாம். கற்பனையாக ஓர் ஊரில் 10,000 பெண்கள் இருப்பதாகவும், அவர்களுள் 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். நோயாளிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரைச் சரியாகக் கண்டுபிடித்து, நோயில்லாதவர்களில் நூற்றுக்கு ஐந்து பேரை மட்டும் தவறாகச் சுட்டும் ஒரு சிறந்த பரிசோதனை கிடைத்துவிட்டது என்றும் கொள்வோம். அது நோயாளிகள் 27 பேரைக் கண்டுபிடிக்கும். கூடவே, நோயில்லாத சுமார் 500 பேரையும் நோயாளிகள் என்று சுட்டும். அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு உறக்கமின்றித் தவிக்கும் பெண்கள் இருபது பேரில் பத்தொன்பது பேருக்கு நோயே இராது. சிறந்த பரிசோதனைக்கே இந்நிலை என்றால், பத்தில் ஒன்றை மட்டும் கண்டுபிடிக்கும் பரிசோதனையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இக்காரணங்களை ஆராய்ந்த அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம், 1996இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளிலும், 2007இல் அவற்றைத் திருத்தியபோதும், நலமுள்ள பெண்களிடம் நோயைத் தேடுவதற்கோ, நோயை உறுதி செய்வதற்கோ சி.ஏ. 15-3 பரிசோதனையைப் பயன்படுத்தலாகாது என்றே கூறியது. நோய் பரவிய நிலையில் சிகிச்சை பெறுபவர்களிடம், மற்றப் பரிசோதனைகளோடு சேர்த்து, மருந்து வேலை செய்கிறதா என்பதைக் கவனிக்க இது துணை செய்யும் என்றும் கூறியது. அங்கேயும் ஓர் எச்சரிக்கை உண்டு. புதிய சிகிச்சை தொடங்கிய முதல் சில வாரங்களில், நோய் குறைந்துகொண்டிருக்கும்போதே இவ்வளவு தற்காலிகமாக ஏறுவதுண்டு. ஒரு தடவை வந்த எண்ணைக் கண்டு நோயாளியோ குடும்பத்தாரோ மனம் தளர்ந்துவிடலாகாது.

நோயைக் கண்டறிவது ஒன்று. அதன் போக்கை முன்கூட்டி அறிவது மற்றொன்று. இரண்டாவது பணியில் இரத்தம் மேலும் திறமை காட்டியது. ஆஷ்வொர்த் இறந்தவர் உடலில் கண்ட அணுக்களை, உயிருள்ளவர்களின் இரத்தத்திலிருந்து காந்த சக்தியின் உதவியால் பிரித்தெடுத்து எண்ணும் கருவி அமெரிக்காவில் உருவாயிற்று. நோய் பரவிய 177 பெண்களை ஆராய்ந்த முடிவு 2004இல் வெளியாயிற்று. ஏழரை மில்லிலிட்டர் இரத்தத்தில் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட புற்றணுக்கள் இருந்தவர்களுக்கு நோய் விரைந்து முற்றியது. குறைவாக இருந்தவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தனர். சுமார் ஒன்றரைத் தேக்கரண்டி இரத்தம் ஒருவருடைய எதிர்காலத்தைப் பற்றி இவ்வளவு சொல்லியது.

ஆயினும் அறிந்தது கொண்டு செய்யத்தக்கது என்ன என்ற கேள்வி எழுந்தது. சிகிச்சை தொடங்கி மூன்று வாரங்களுக்குப் பிறகும் புற்றணுக்களின் எண்ணிக்கை குறையாத பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு உடனே மருந்தை மாற்றினர். மற்றப் பிரிவினருக்குப் பழைய மருந்தையே தொடர்ந்தனர். 2014இல் வெளிவந்த முடிவு, இரு பிரிவினரின் ஆயுளிலும் வேறுபாடு இல்லை என்பதே. இரத்தம் சொன்ன செய்தி மெய்யாயிருந்தது. ஆனால் அச்செய்திக்கு ஏற்ற மருந்து அந்நாளில் கையில் இல்லை. இதற்கு முன்பே, 1994இல், இத்தாலியில் இரு பெரிய ஆய்வுகள் இதை ஒத்த பாடத்தைக் கற்பித்திருந்தன. அறுவை சிகிச்சை முடிந்த 2,500க்கும் மேற்பட்ட பெண்களுள் ஒரு பாதியினருக்கு எக்ஸ்ரே, எலும்பு ஸ்கேன் முதலிய பரிசோதனைகளை அடிக்கடி செய்து வந்தனர். அதனால் அவர்கள் மற்றவர்களைவிட நீண்ட காலம் வாழ்ந்துவிடவில்லை. முன்னதாக அறிவது எப்போதும் நன்மையாகவே முடியும் என்று நாம் எண்ணுகிறோம். அறிந்ததன் பின்னே செய்ய ஒரு காரியம் இருந்தால்தான் அது நன்மையாகும்.

மூன்றாவது சுவடு எல்லாவற்றிலும் நுண்ணியது. 1948ஆம் ஆண்டு பிரான்சு தேசத்தில் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தைச் சேர்ந்த மாண்டெல், மேத்தே என்ற இருவர், மனித இரத்தத்தின் நீர்ப்பகுதியில் டி.என்.ஏ. முதலிய பொருள்கள் அணுக்களுக்கு வெளியே மிதப்பதைக் கண்டு எழுதினர். டி.என்.ஏ.யின் வடிவம் தெரியவந்ததே 1953இல்தான். ஆகவே அக்கட்டுரையைப் பொருட்படுத்தியவர் மிகச் சிலர். 1977இல் புற்றுநோயாளிகளின் இரத்தத்தில் இது மிகுந்திருப்பதைக் கண்டனர். சாகும் அணுக்கள் உதிர்க்கும் இந்தத் துணுக்குகள் ஓரிரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் அழிந்துவிடுகின்றன. எனவே அவை நேற்றைய நிலையையன்று, இன்றைய நிலையைக் காட்டுகின்றன. அவற்றுள் புற்றணுவுக்கே உரிய மாறுதல் கொண்ட துணுக்கு எது என்று பிரித்தறியும் திறமை பிற்காலத்தில் கைவந்தது. 2013இல் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள் நோய் பரவிய பெண்களிடம் மூன்று முறைகளையும் ஒப்பிட்டனர். புற்றுநோயின் டி.என்.ஏ. 30 பேரில் 29 பேரிடம் தென்பட்டது, புற்றணுக்கள் 26 பேரிடம் தென்பட்டன, சி.ஏ. 15-3 பார்க்கப்பட்ட 27 பேரில் 21 பேரிடமே உயர்ந்திருந்தது.

இங்கேதான் செய்திக்கும் செயலுக்கும் இணைப்பு ஏற்பட்டது. 2019இல் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் அல்பெலிசிப் என்ற மருந்தை அனுமதித்தபோது, அது எந்த நோயாளிக்குப் பொருந்தும் என்பதை இரத்தத்திலுள்ள டி.என்.ஏ.யைக் கொண்டு தீர்மானிக்கவும் இடமளித்தது. ஹார்மோன் சிகிச்சைக்கு நோய் கட்டுப்படாமல் போவதற்கு ஒரு காரணம், புற்றணுவின் ஒரு மரபணுவில் இடையில் தோன்றும் மாறுதல். அதை இரத்தத்தில் கண்டு எலாசெஸ்ட்ரன்ட் என்ற மருந்தைக் கொடுக்கும் முறைக்கு 2023இல் அனுமதி கிடைத்தது. கட்டி பெரிதாவதற்கு முன்பே அம்மாறுதலை இரத்தத்தில் கண்டு மருந்தை மாற்றினால் நோய் அடங்கியிருக்கும் காலம் நீளுகிறது என்று 2025இல் ஓர் ஆய்வு கூறியது. அதனால் ஆயுளும் நீளுமா என்பது அம்முடிவு வெளியானபோது தெளிவாகியிருக்கவில்லை. இவை யாவும் நோய் உண்டு என்று முன்னரே உறுதியானவர்களுக்கு உரியவை. தொடக்க நிலையிலோ, இரத்தத்தில் மிதக்கும் துணுக்குகளில் புற்றுநோய்க்கு உரியவை பல சமயம் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இரா.

இன்னொரு வகை இரத்தப் பரிசோதனையையும் இதனோடு குழப்பிக்கொள்ளலாகாது. சில குடும்பங்களில் தாய், மகள், சகோதரி என்று பலருக்கு இந்நோய் வருவதுண்டு. மேரி கிளேர் கிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1990இல் இதற்குக் காரணமான மரபணு ஒன்று இருக்குமிடத்தைக் காட்டினார். 1994இல் பி.ஆர்.சி.ஏ. 1 என்ற மரபணுவும், 1995இல் பி.ஆர்.சி.ஏ. 2 என்ற மரபணுவும் பிரித்தறியப்பட்டன. இவற்றைப் பார்ப்பதற்கும் இரத்தமே எடுக்கிறார்கள். ஆனால் இப்பரிசோதனை, நோய் வந்திருக்கிறதா என்பதைச் சொல்வதில்லை. வரக்கூடிய வாய்ப்பு எவ்வளவு என்பதையே சொல்கிறது. குடும்பத்தில் இந்நோயோ சூலகப் புற்றுநோயோ பலருக்கு வந்திருந்தால், மருத்துவரைக் கலந்துகொண்டு செய்துகொள்ள வேண்டிய பரிசோதனை இது.

இத்தனை படிப்பினைகளுக்குப் பிறகும் பழைய ஆசை அடங்கவில்லை. 2019 பிப்ரவரியில் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பல்கலைக்கழக மருத்துவமனை, இரத்தத்தைக் கொண்டு மார்பகப் புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் முறை உருவாகிவிட்டதாக அறிவித்தது. அந்நாட்டுப் பத்திரிகை ஒன்று அதனை உலகப் பெருஞ்செய்தி என்று கொட்டை எழுத்தில் வெளியிட்டது. ஆனால் அம்முடிவு விஞ்ஞானச் சஞ்சிகை எதிலும் அதுவரை வெளிவந்திருக்கவில்லை. நோயில்லாதவர்களை எத்தனை தடவை தவறாகச் சுட்டுகிறது என்ற விவரமும் அறிவிப்பில் தெளிவாக இல்லை. அறிஞர்கள் கண்டனம் தெரிவித்தனர், விசாரணை நடைபெற்றது, சொன்னபடி அவ்வாண்டில் அப்பரிசோதனை விற்பனைக்கு வரவில்லை. நாளை இத்தகைய செய்தி ஒன்றைப் படிக்கும்போது நாம் கேட்க வேண்டியவை மூன்று. தொடக்க நிலை நோயில் எத்தனை பேரைக் கண்டுபிடித்தது? நலமுள்ளவர்களில் எத்தனை பேரைத் தவறாகச் சுட்டியது? அதனால் எவரேனும் நீண்ட காலம் வாழ்ந்தார்களா?

இனி, உயிரைக் காத்தது எது என்பதைப் பார்ப்போம். 1963இல் நியூயார்க் நகரத்தில் சுமார் 62,000 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை ஆண்டுதோறும் மார்பக எக்ஸ்ரேக்கும் மருத்துவரின் கைப் பரிசோதனைக்கும் அழைத்தார்கள். பல ஆண்டுகள் கவனித்தபோது, அப்பிரிவில் மார்பகப் புற்றுநோய் மரணம் சுமார் நான்கில் ஒரு பங்கு குறைந்திருந்தது. மாம்மோகிராம் என்று இன்று நாம் அறியும் பரிசோதனை உலகெங்கும் பரவ இது காரணமாயிற்று. அக்கருவி எட்டாத இடங்களில் என் செய்வது என்ற கேள்விக்கு நம் நாட்டிலேயே விடை தேடப்பட்டது. பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனையினர் 1998இல் அந்நகரத்து ஏழை மக்கள் வாழும் பகுதிகளில் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். 35 முதல் 64 வயது வரையுள்ள 1,51,538 பெண்கள் அதில் சேர்ந்தனர். ஒரு பிரிவினரின் மார்பகங்களை, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை, நான்கு சுற்று, கையால் தொட்டுப் பரிசோதித்தனர். இருபது ஆண்டுகள் காத்திருந்து கண்ட முடிவு 2021இல் வெளியாயிற்று. முற்றிய நிலையில் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் மற்றப் பிரிவில் நூற்றுக்கு 47 பேர். இப்பிரிவில் 37 பேர். ஐம்பது வயதும் அதற்கு மேலும் உடைய பெண்களிடையே இந்நோயால் நேரும் மரணம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தால் குறைவு 15 சதவீதம். அது தற்செயலாகவும் இருக்கலாம் என்று ஆய்வாளர்களே நேர்மையோடு கூறினர்.

விலையுயர்ந்த கருவியின்றி, இரத்தமும் எடுக்காமல், பயிற்சி பெற்ற விரல்கள் செய்த வேலை இது. 2016இல் மத்திய அரசு வகுத்த திட்டத்தின்படி, 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை இத்தகைய கைப் பரிசோதனை அரசு சுகாதார நிலையங்களில் செய்யப்பட வேண்டும். எந்த மாநிலத்தில் வாழ்பவரும் இதனை நாடலாம்.

ஆயினும் இரத்தப் பரிசோதனையின் கவர்ச்சி எளிதில் மறையாது. அதற்கு ஒரு காரணம், அது நம் கூச்சத்துக்குத் தரும் பாதுகாப்பு. கையை நீட்டினால் போதும். ஆடை களைய வேண்டியதில்லை. எவரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. தாய்மொழி வழங்காத ஊரில் குடியிருக்கும் தமிழ்ப் பெண்ணுக்கு இத்தயக்கம் இரட்டிப்பாகிறது. வலியில்லாத ஒரு சிறு கட்டியைப் பற்றி இந்தியிலோ மராத்தியிலோ வங்காளியிலோ எப்படி எடுத்துச் சொல்வது? ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். அந்த இடைவெளியில் இயல்பான எண்களைக் காட்டும் அறிக்கை ஒன்று கையிலிருந்தால், தயக்கத்துக்கு அதுவே சாக்காகிவிடும். கட்டியோ காத்திருப்பதில்லை.

ஆகவே குடும்பத்தார் உணர வேண்டியவை சில உண்டு. மார்பிலோ அக்குளிலோ கட்டி, தோலில் குழிவு, காம்பு உள்நோக்கி இழுத்தல், காம்பிலிருந்து இரத்தம் கசிதல் ஆகியவற்றுள் ஏதேனும் தென்பட்டால், வலி இல்லை என்று அலட்சியம் செய்யாமல், இரத்த அறிக்கை எப்படியிருந்தாலும், உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மொழி தெரிந்த அண்டை வீட்டு அம்மையாரைத் துணைக்கு அழைத்துச் செல்லலாம். கட்டியிலிருந்து சிறிது சதையை ஊசியால் எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதே நோயை உறுதி செய்யும் வழி. ஹார்மோன் சிகிச்சை பயன்படுமா என்பது போன்ற முக்கியமான செய்திகளையும் அச்சதையே தருகிறது. நோய் உறுதியாகிச் சிகிச்சை பெறுபவர்களோ, மருத்துவர் கேட்கும் இரத்தப் பரிசோதனைகளைத் தவறாது செய்துகொள்ள வேண்டும். அங்கே அவற்றுக்கு உரிய இடம் உண்டு.

லண்டன் மருத்துவர் சிறுநீரைக் கொதிக்க வைத்துப் பார்த்த காலத்திலிருந்து, டி.என்.ஏ. துணுக்கை எண்ணும் இக்காலம் வரை, இரத்தத்தின் மொழியை மனிதன் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்று வந்திருக்கிறான். நோய் எங்குச் செல்கிறது, மருந்துக்கு எவ்வாறு பணிகிறது, எப்போது பணிய மறுக்கிறது என்பவற்றை இரத்தம் இன்று சொல்கிறது. நோய் புதிதாய்ப் பிறக்கும் செய்தியை நம்பிக்கைக்குரிய முறையில் அது இன்னும் சொல்லவில்லை. ஆராய்ச்சிகள் தொடர்கின்றன, ஒரு நாள் அதுவும் கைகூடலாம். அந்நாள் வரும்வரை கண்ணும் கையும் செய்ய வேண்டிய வேலையை இரத்தத்தின் தலையில் சுமத்திவிட்டு நாம் இளைப்பாறலாகாது.